ஒரு ஜாண் குறைந்த திரை

அந்த அம்மா என் சமையல் மேடைக்குத் தப்பான பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மேடை என்றால் நிஜ மேடை இல்லை, ப்ளைவுட். சுவரும் ப்ளைவுட், கதவும் ப்ளைவுட், அடுப்பு வரவேண்டிய இடத்தில் மார்க்கர் பேனாவால் போட்ட இரண்டு வட்டம். என் மச்சானின் மரப்பட்டறையில், அறுக்கும் மெஷினுக்கும் பலகை அடுக்குக்கும் நடுவே, ஓர் அறையை நிஜ அளவில் நிற்கவைத்திருந்தோம். எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் இப்படி ஒன்றைச் செய்து, அதில் இருக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் புழங்கவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கேட்கிறவர்களுக்கு இது பெரிய கொள்கை மாதிரி தெரியும். விஷயம் வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பல் டாக்டருக்கு கிளினிக் வரைந்து கொடுத்தேன். அங்கே நாற்காலியைச் சாய்த்தால் கதவு திறக்காது. முதல் நாளே நாற்காலி சாய்ந்த நிலையில் மக்கர் பண்ண, டாக்டரும் நோயாளியும் முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார்கள். நோயாளி என் மாமனார். அன்றைக்குப் பிறந்தது அந்தக் கொள்கை.

இந்த முறை வரைந்தது வீடு. அதுவும் நூறு நாள் வீடு. குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய விடுதிக் கட்டடத்தைப் பன்னிரண்டு அறைகளாக மாற்றித் தரும்படி ஓர் அறக்கட்டளை என்னைக் கேட்டிருந்தது. வெளியூரிலிருந்து பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுவருகிற குடும்பங்கள் தங்குவதற்கு. எலும்பு மஜ்ஜை மாற்றிய குழந்தையை வார்டிலிருந்து அனுப்பினாலும் நூறு நாளைக்குத் தூரமாக விடமாட்டார்கள். லேசாக உடம்பு சுட்டாலும் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து சேர வேண்டும். இந்த அம்மாவின் ஊரோ ரயிலில் எட்டு மணி நேரம். கணவர் அங்கே பஸ் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துவிட்டுப் போவார். இவர் தையல்காரர். ஐந்து மாதமாக மெஷினைத் தொடவில்லை. ஒன்பது வயது மகளை அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்புவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார், தங்குகிற அறை சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால். முதலில் தயாராகிற அறை இவர்களுக்கு.

அந்த அறையில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே விஷயம் அந்த மேடைதான். சமைக்கிறவர் ஜன்னலைப் பார்த்து நிற்கிற மாதிரி போட்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஐந்து மாதம் வார்டுக்குள் கிடந்த தாய், அடுப்பில் எதையோ கிளறியபடி, மரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார் என்பது என் கற்பனை. வரைபடத்தில் கிளையில் ஒரு குருவிகூடப் போட்டிருந்தேன்.

அந்த அம்மா உள்ளே வந்தார். கை கழுவுகிற இடத்தில், குழாய் இல்லாத தொட்டியில், முழங்கையால் இல்லாத குழாயைத் திறந்து இருபது எண்ணி முடித்தார். கட்டிலில் குழந்தைக்குப் பதிலாக மச்சான் ஒரு மரத்தூள் மூட்டையைப் போட்டு வைத்திருந்தான். அவர் அதற்குத் துண்டைப் போர்த்தி ஓரங்களைச் செருகிவிட்டார். பிறகு உருளைக்கிழங்குப் பையை எடுத்துக்கொண்டு மேடையைச் சுற்றிப் போய், அதற்கும் ஜன்னல் சுவருக்கும் இடையில் இருந்த இரண்டு கை அகலச் சந்தில் தன்னை நுழைத்துக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, உரிக்க ஆரம்பித்தார்.

அங்கே இடம் போதாதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பரவால்ல சார். இங்க நின்னாத்தான் அவ தெரியுறா" என்றார். மூட்டையைத்தான் சொன்னார்.

மச்சான் உளியை மேசையில் வைத்தான். என் மனைவியின் அண்ணன், என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். என் தொழிலைப் பற்றி அவனுக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதற்கு அவன் அப்பாவும் ஒரு காரணம்.

"மரத்தை எதிர்ல வெச்ச மாப்ள. புள்ளைய முதுகுக்குப் பின்னால வெச்ச. இதுக்கு நீ காலேஜ் வேற போன."

மேடையைத் திருப்பினோம். பைப் போடுகிறவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார், சுவரும் என் பக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கிருமித் தடுப்புக்கென்று ஒரு நர்ஸ் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச். அதைக் குழாய்க்கு அடியில், கதவிடுக்கில், சில சமயம் நம் நகத்திலும் அடித்துப் பார்ப்பார். எல்லாரும் அவரை டார்ச் சிஸ்டர் என்றுதான் சொன்னார்கள், அவரைத் தவிர. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். கட்டட வேலை நடக்கும்போதே வந்து பார்த்து முப்பத்தோரு விதிகளைக் கையில் கொடுத்தார். கம்பளம் கூடாது. செடி கூடாது. தரை சுவரோடு சேருகிற இடத்தில் மூலை இருக்கக் கூடாது, வளைந்து ஏற வேண்டும். துணி எது வந்தாலும் மடிப்பு கூடாது, மடிப்பில் தூசி உட்காரும், ஆஸ்பத்திரி லாண்டரியில் மூன்று தடவை கொதிக்கவைத்துத்தான் உள்ளே வர வேண்டும். பதினாலாவது விதி: அறையில் பார்த்துக்கொள்கிறவர் எங்கே நின்றாலும் குழந்தை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மேடை திரும்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்திலேயே புத்தியோடு செய்த ஒரே வேலை இதுதான் என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சான் இருமினான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அந்த அம்மா, "அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அறையைப் பற்றி யார் யாரையோ கேட்டிருந்தேன். பைப் போடுகிறவரைக்கூட. மூட்டையைக் கேட்கவில்லை.

வார்டில் அந்தப் பெண்ணுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். மாத்திரையோ சூப்போ பொம்மையோ, எதைக் கொடுத்தாலும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாளாம், அப்பீல் கிடையாதாம். எனக்கு அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டி உள்ளே விட்டார்கள். தலையில் முடி இல்லாமல், நெஞ்சில் ஒட்டிய சின்னக் குழாயோடு, கால் இரண்டையும் நேராக நீட்டி உட்கார்ந்திருந்தாள். வரைபடத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டாள்.

குருவியைப் பார்த்தாள். அதைத் தாண்டிப் போனாள். கட்டிலைச் சுற்றிலும் நான் போட்டிருந்த புள்ளிக் கோடுகளை விரலால் தொட்டு, அது என்ன என்று கேட்டாள். அம்மா எங்கே நின்றாலும் உன்னைப் பார்க்கலாம், அந்தப் பார்வைக் கோடுகள்தான் அவை என்று விளக்கினேன். என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்.

"எங்கேர்ந்தும்?"

"எங்கேர்ந்தும்."

வரைபடத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப இதுவும் வார்டுதான், அங்கிள்."

பிறகு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, விளக்கினாள். இங்கே காலையில் ஜுரம் பார்க்க ஒருத்தர் வருவார். ரத்தம் எடுக்க ஒருத்தர். பெரிய டாக்டர், பின்னாலேயே படிக்கிற டாக்டர்கள் ஆறு பேர். தரை துடைக்கிறவர். கதவில் கண்ணாடி, போகிற வருகிறவர்கள் எல்லாரும் அதில் எட்டிப் பார்ப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"அவங்க சிரிச்சா நானும் சிரிக்கணும்ல. வாய் வலிக்குது." கொஞ்ச நேரம் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருமே பாக்காத ஒரு இடம் வேணும். சும்மா இருக்கறதுக்கு. அம்மாகூடப் பாக்கக் கூடாது."

அவள் அம்மா என் பின்னால்தான் நின்றிருந்தார். "இருக்கும்டா. அங்க போனா உனக்குன்னு ஒரு இடம் இருக்கும்" என்றார், யோசிக்கக்கூட இல்லை.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் என் முகத்தைப் பார்த்தார். நான் பதினாலாவது விதியை அவருக்குச் சொன்னேன். அவருக்கு அது தெரியும்.

"வலிக்காதுன்னு சொன்னேன், வலிச்சுது. ஒரு வாரம்தான்னு சொன்னேன், அஞ்சு மாசம் ஆச்சு. முடி கொட்டாதுன்னுகூடச் சொல்லிட்டேன் சார், எனக்குத் தெரியாது அப்ப. நான் சொன்னதுல இந்த ஒண்ணாவது நடக்கணும்."

நடக்கும் என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்வேன்.

அன்றும் மறுநாளும் நான் யோசித்ததை எழுதினால் எனக்கு இனிமேல் யாரும் வேலை தரமாட்டார்கள். வலை மாதிரி மெல்லிசுத் துணி போடலாம் என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஜட்ஜம்மா அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நீங்க தெரியுறீங்க" என்றாள், வழக்கு முடிந்தது. மேற்கூரையில் கண்ணாடி பதித்து மேலேயிருந்து பார்க்கலாம் என்றதற்கு மச்சான், முடிவெட்டுகிற கடை மாதிரி ஒரு சுழல் நாற்காலியும் போட்டுவிடலாமா என்று கேட்டான். கேமரா என்ற சொல்லை என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டபடி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே உயிரை விட்டது.

கடைசியில் வேறு வழியில்லாமல் சாதாரணத் திரை, கனத்த துணி என்று முடிவு செய்து சிஸ்டரிடம் போய் நின்றேன். கட்டிலை மூன்று பக்கமும் பலகை அடைத்து ஒரு சின்னக் குகை மாதிரி செய்துவிட்டோம், நாலாவது பக்கம் மட்டும் திரை, அவளே இழுத்துச் சாத்திக்கொள்ளலாம் என்றேன். அவர் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு பையன். வேற ஒரு இடத்துல தங்கியிருந்தாங்க. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டான். கொஞ்சம் தனியா இருக்கட்டுமேன்னு அவங்க அம்மா கால் மணி நேரம் கதவைத் தட்டல. உள்ள மயங்கிக் கெடந்தான். பொழைச்சுட்டான், இப்ப ஸ்கூலுக்குப் போறான். எனக்குத்தான் அந்தக் கால் மணி நேரம் இன்னும் முடியல சார்."

நான் எழுந்துகொண்டேன். அவர்தான், மாட்டுங்கள், வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் நின்று பார்ப்பேன், குழந்தை தெரியவில்லை என்றால் அந்த நிமிடமே திரை கீழே வரும் என்றார். கழற்றமாட்டேன் என்று யாராவது அடம்பிடித்தால் கையெழுத்துக் கிடையாது. சனிக்கிழமை முதல் பெரிய டாக்டர் இரண்டு வாரம் ஊரில் இல்லை. அவர் வந்துதான் இனி அனுப்புவார்.

எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் துணி எங்கே என்று மட்டும் கேட்டார்.

வார்டுக்கு வெளியே உறவினர் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து கையாலேயே தைத்தார். நீல நிறம். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஊசியைத் தொட்டவர் மாதிரி தெரியவில்லை, ஊசிதான் அவர் சொன்ன இடத்துக்குப் போய் வந்தது. மடிப்பு கூடாது என்பதால் பலகை மாதிரித் தட்டையான திரை. தலைமாட்டில் ஒரு ஓரத்தைச் சட்டத்தோடு பிடித்துவிட வேண்டும், மறு ஓரத்தை இழுத்தால் கால்மாடு வரை போய்ச் சரியாக முட்ட வேண்டும். அகலத்தை நானே டேப்பால் மூன்று தடவை அளந்து கொடுத்தேன்.

"கொதிக்க வெப்பாங்களே சார். சுருங்காதா? கொஞ்சம் கூட விடட்டுமா?"

சுருங்காது, துணியில் சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் போட்டிருக்கிறது என்றேன். கூட விட்டால் தொங்கி மடியும், சிஸ்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றும் சொன்னேன். இருபது வருடமாகத் தைக்கிறவரிடம் துணியைப் பற்றி நான் பாடம் எடுத்தேன். அவர் மரியாதை தெரிந்தவர், சரி என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அறையை மருந்து போட்டுக் கழுவி மூடிவிட்டார்கள். திரை லாண்டரியிலிருந்து உறையில் வந்தது, ஓரம் ஒட்டி. அறையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் நாலு பேரும் அங்கி மாட்டி உள்ளே போனோம். சிஸ்டர் டார்ச்சோடு முப்பது விதிகளையும் வரிசையாகப் பார்த்தார். குழாய்க்கு அடியில் அடித்தார். வளைந்த தரையோரத்தில் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பஞ்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். பதினாலை மட்டும் தாண்டிப் போனார். கடைசியில் உறையை அவரே கத்தரித்தார். மச்சான் ஏணியில் ஏறித் தலைமாட்டில் திரையைப் பிடித்துக் கொக்கிகளை மாட்டினான். அந்த அம்மா மறு ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

திரை வந்தது, வந்தது, நின்றது. கால்மாட்டுச் சட்டத்துக்கு ஒரு ஜாண் முன்னாலேயே நின்றது.

அவர் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். அதற்கு மேல் துணி இல்லை. ஓரத்தை விரலால் தடவி, தன் தையல் எங்கேயாவது பிரிந்து போயிருக்கிறதா என்று பார்த்தார். பிரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மச்சான் ஏணியில் இருந்தபடியே, "மூணு தடவை அளந்த, மாப்ள" என்றான். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற குரலில்.

வேறு துணி வாங்கி, தைத்து, மூன்று தடவை கொதிக்கவைத்து வர இரண்டு நாளாகும். பெரிய டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார். ஆக, ஒன்று அந்தப் பெண் திரையே இல்லாத இன்னொரு வார்டுக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் ஒரு ஓரம் திறந்துகிடக்கிற திரைக்குள் உட்கார வேண்டும். அம்மா கொடுத்த வாக்கு எப்படிப் பார்த்தாலும் போய்விட்டது. இடையில் நான் ஒருவன் புகுந்து, சீட்டைப் படித்துக் காட்டி, அதைப் போகவைத்தேன்.

சிஸ்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. சொன்னபடி அடுப்படிக்குப் போய் நின்றார். அங்கிருந்து திரையைப் பார்த்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார். கை கழுவுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தார், கதவருகே நின்று பார்த்தார், திரும்பவும் அடுப்படிக்கு வந்தார்.

"உள்ள அவ எப்படி உக்காருவா?" என்று கேட்டார், அந்த அம்மாவிடம்.

"காலை நீட்டித்தான் சிஸ்டர். மடக்குனா முட்டி வலிக்கும்ல, அந்த மருந்தோட வேலை. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"தெரியும். தலை எந்தப் பக்கம்?"

அந்த அம்மா திரை பிடித்திருக்கும் ஓரத்தைக் காட்டினார். கட்டிலை நான் அந்தப் பெண்ணின் உயரத்துக்குத் தலையணையும் சேர்த்து அளவாகச் செய்திருந்தேன், பெரியவர்கள் கட்டிலுக்குக் குகையில் இடமில்லாததால். சிஸ்டர் கட்டிலருகே போய், திறந்திருந்த அந்த ஒரு ஜாண் இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். டார்ச்சை எடுத்து அங்கே அடித்தார்.

"கால் தெரியும்" என்றார்.

அவர் தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார். பாதம் வெளுத்தால் தெரியும். நகம் நீலம் பாய்ந்தால் தெரியும். ஜுரம் வந்தால் முதலில் கால்தான் சில்லிடும், தொட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டால் விரலை ஆட்டச் சொல்லலாம், மயக்கம் என்றால் விரல் ஆடாது. மூஞ்சியைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு, பிள்ளைகள் சிரித்துச் சமாளிக்கும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இதை யார் யோசிச்சது?"

இந்த மாதிரிக் கேள்வி ஒரு தொழில்காரனுக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவைதான் வரும். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். வாய் திறந்தும்விட்டது. ஏணி மேலிருந்து மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுருங்கிடுச்சு சிஸ்டர்" என்றேன்.

"எங்க லாண்டரியிலயா?"

"உங்க லாண்டரியிலதான். மூணு தடவை."

அவர் முகமூடிக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. துணி மட்டும் இரண்டு மூன்று தரம் உள்ளே போய் வெளியே வந்தது. பதினாலாவது விதிக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனவர், டிக் போடாமல் நிறுத்தினார். இதற்கு நான் மட்டும் சம்மதித்தால் போதாது, அவளைக் கூட்டி வாருங்கள் என்றார்.

பதினோரு மணிக்குச் சக்கர நாற்காலியில் வந்தாள். இரண்டு தெரு தூரம், ஐந்து மாதத்தில் அவள் பார்த்த முதல் தெரு. வெயிலில் கண் கூசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தவள் வாசலில் நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை நீலத் திரையில் போய் நின்றது, அங்கிருந்து கால்மாட்டு இடைவெளிக்குப் போனது. அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா அங்கியின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர்தான் போய் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"ஜட்ஜம்மா, ஒரு பேரம். திரை உன்னோடது. நீ சாத்துனா யாரும் திறக்க மாட்டோம். ஆனா கால் ரெண்டும் அந்தச் சந்துல எங்களுக்குத் தெரியணும்."

அவள் யோசித்தாள்.

"கால் மட்டும்தானே?"

"கால் மட்டும்."

"மேல எட்டிப் பாக்க மாட்டீங்களே?"

"அம்மா கூப்புட்டா நீ விரலை ஆட்டணும். ஆட்டுனா எட்டிப் பாக்க மாட்டோம். ஆட்டலைன்னா திரையைத் தள்ளிட்டு வந்துருவோம். அதுல பேரம் கெடையாது."

வார்டில் இருந்தவர்கள் சொன்ன அந்த ஒரு நிமிடம் இதுதான் போலிருக்கிறது. மச்சான் ஏணியை மடக்கிக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். அந்த அம்மாவின் நாடா விரலில் இறுகி நுனி சிவந்திருந்தது.

"கால் சிரிக்க வேண்டாமே?" என்றாள்.

"வேண்டாம்" என்றார் சிஸ்டர். "கால் சிரிக்கவே வேண்டாம்."

"சரி" என்றாள் ஜட்ஜம்மா.

சிஸ்டர் எழுந்து, குந்திய கால் மரத்துப்போனதால் சுவரைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதினாலுக்கு நேரே டிக். பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். பிற்பாடு பார்த்தேன்: 'கால்மாட்டில் ஒரு ஜாண் திறப்பு. எல்லா அறைக்கும்.' மீதிப் பதினோரு அறைக்கும் ஒரு தவறை அளவு பிசகாமல் திரும்பச் செய்ய வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. இனி ஒவ்வொரு திரையையும் முழு அகலத்துக்குத் தைத்து, கொதிக்கவைத்து, சரியாக ஒரு ஜாண் குறையவைக்க வேண்டும். அளந்து செய்ததெல்லாம் கோணலாகப் போனவன் நான், இப்போது கோணலை அளக்க வேண்டும்.

சிஸ்டர் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பெரிய டாக்டரைப் பிடிக்க வேண்டும். வாசலில் நின்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தார், கட்டிலைத்தான். பிறகு போய்விட்டார்.

அந்தப் பெண் கட்டிலில் ஏறி, பாதம் சந்துக்கு வரும்வரை நகர்ந்து, காலை நீட்டினாள். அம்மா தலையணையைச் சரிசெய்யக் கையை நீட்டியதும், "நான் பாத்துக்கறேன்" என்றாள். திரையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வயிறு மறைந்தது, முட்டி மறைந்தது. இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் நீலத் துணிக்கு வெளியே நின்றன.

அந்த அம்மா அடுப்படிக்குப் போனார். பாலை வைத்துத் தீயைக் குறைத்தார். பாத்திரத்தைப் பார்க்கவேயில்லை. "என்னடா பண்ற?" என்றார். கால் விரல்கள் ஆடின. அரை நிமிடம் ஆகியிருக்காது, "சரியா இருக்கியா?" என்றார். ஆடின. மூன்றாவது தரம் கூப்பிட்டபோது பத்து விரலும் சேர்ந்து ஒரே ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தன. கால் விரலால் சலித்துக்கொள்ள முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. பால் பொங்கி வருவதைப் பார்த்து, சரியான நேரத்தில் தீயை அணைத்தார். பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கி, டம்ளரில் ஊற்றி, ஆற்றினார். பிறகு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பாலை அவரே குடித்தார். மகளுக்குத்தான் ஆற்றியிருப்பார். குடித்து முடித்து டம்ளரைப் பார்த்ததும்தான் அவருக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் எடுத்தார்.

எனக்கு வேலை இருந்தது. பதினோரு அறைக்கு அந்த இடைவெளியின் சரியான அளவு வேண்டும். இதை இன்னொரு நாள் செய்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றுகிறது, எனக்குத் தோன்றவில்லை. கட்டிலருகே மண்டிபோட்டு, காலில் படாமல் டேப்பை நீட்டினேன். இருபத்தொன்றரை சென்டிமீட்டர். சந்தேகமாக இருந்தது. இன்னொரு தரம் அளந்தேன்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, யாரோ காலுக்குப் பக்கத்துல இருக்காங்க."

"வீடு செஞ்ச அங்கிள்டா."

"அவர் எப்பப் போவாரு?"

அந்த அம்மா எழுந்து வந்தார். பத்து நாளாக என்னை சார் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கோம். இன்னொரு நாள் வாங்களேன்."

இத்தனை வருடத்தில் என்னைப் பலர் பல இடங்களிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். மாமனாரே ஒரு தடவை அனுப்பியிருக்கிறார். இந்த மாதிரி சந்தோஷமாக நான் எங்கிருந்தும் போனதில்லை. டேப்பைச் சுருட்டினேன். மச்சான் ஏற்கெனவே ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியிருந்தான். வாசலுக்கு வந்து செருப்பைத் தேடும்போது உள்ளே அவள் கேட்டது காதில் விழுந்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டே இருக்காரு."

கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் போய்க்கொண்டே இருந்தேன்.